முரல் மீனை எரித்துப் பார்த்த கதை

போன மாதம் எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தட்டில் ஒரு மீன் துண்டு, அதன் நடுமுள் நல்ல பச்சை நிறம். மேலே சிவப்பு எழுத்தில், 'ரசாயன மீன்! முள் பச்சையாக இருந்தால் மரணம் நிச்சயம்! நெய்வேலி மக்களே உஷார்! பத்துப் பேருக்கு அனுப்பவும்.' நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் பாதி நெய்வேலிக்குப் போய்விட்டது. என் மனைவிக்கு மட்டும் நாலு பக்கமிருந்து வந்தது. அதில் ஒன்று, சமையலறையில் இருந்த அவளுக்கு ஹாலில் இருந்த மருமகள் அனுப்பியது.

அன்று சாயங்காலமே கவிதா போன் செய்தாள். சுரங்கத்து நிலக்கரி ஆய்வகத்தில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண்.

"சார், நம்ம லேப்புல பச்சை முள்ளு கேஸ்னு ஒண்ணு நடந்துச்சாமே? நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு சொல்றாங்க. புதுசா சேர்ந்தவங்க எல்லாம் கேக்குறாங்க. எழுதிக் குடுங்க சார்."

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அந்தக் கேஸில் நான் கண்டுபிடித்தவன் இல்லை, குற்றம் செய்தவன். இத்தனை வருடத்தில் கதை வாய்க்கு வாய் மாறி என்னை எப்படியோ நல்லவனாக்கி வைத்திருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். ஆய்வகத்தின் பெயரையும் கேன்டீன் யாருடையது என்பதையும் எழுதக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லி வருகிறவள் அவள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நான் காடாம்புலியூர்க்காரன். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் முந்திரித் தோப்பில் கூலி வேலை. எங்கள் தெருவில் முதன்முதலாக ரசாயனத்தில் பட்டம் வாங்கியவன் நான்தான் என்பதை இதுவரை ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன், இப்போது உங்களிடமும் சொல்லியாகிவிட்டது. சைக்கிளில் வந்து கான்ட்ராக்டில் சேர்ந்தேன். கன்வேயர் பெல்ட் ஓரம் நின்று சோதனைக்குக் கரி சாம்பிள் அள்ளுகிற வேலை. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். ஆறு வருடம் அப்படிப் போனது. பிறகு பெர்மனென்ட், குவார்ட்டர்ஸ், கல்யாணம், வெள்ளைக் கோட்டு. அந்த வெள்ளைக் கோட்டுதான் எனக்குத் தலைக்கேறியது. கேன்டீனில் சாப்பிடும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன்.

எங்களுக்கு சீனியர் கெமிஸ்ட் தெய்வானை மேடம். ஈரோட்டுப் பக்கம். யாரையும் அவர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. சூடேறாமல் அடம்பிடிக்கும் ஓவனைக்கூட, "ஏனுங்க, இன்னைக்கு உங்களுக்கு என்னாச்சுங்க?" என்றுதான் கேட்பார். குரல் உயரவே உயராது. அதுதான் எங்களுக்குப் பயம். திட்டுகிறவரைப் பதிலுக்கு முறைக்கலாம். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரை என்ன செய்வது?

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "எதை வெச்சுங்க சொல்றீங்க?" கரி இன்று ஈரம் அதிகம் மேடம் என்றால் கேட்பார். வெளியே மழை மேடம் என்றாலும் கேட்பார். டீ கொண்டுவருகிற முத்து அண்ணன், "டீ வந்துருச்சு மேடம்" என்று சொல்லும்போதே கேள்வி வருவதற்கு முன்பாக கிளாஸைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருக்கும். ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள், மிஞ்சும் கரிமம், எரிதிறன். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு நீளமான கட்டம். ஏதாவது புரியாவிட்டால் அந்தக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதச் சொல்வார் மேடம். எங்களுக்கு அது மானப் பிரச்சினை. சுற்றி வளைத்து எதையாவது எழுதிக்கொண்டு போவோம். அவர் அதை அடித்துவிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதறதுக்கும் ஒரு ஆளு வேணுமுங்க. அதுக்குந்தான் நம்மளை வெச்சிருக்காங்க" என்பார். நான் பதினைந்து வருடம் தலையை ஆட்டினேன். ஒரு தடவைகூட மண்டையில் ஏறவில்லை.

அந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் கரையில் கிடந்தன. கேன்டீனில் புதன்கிழமை மீன் குழம்பு, அதைத் தவறவிட யாருக்கும் மனசு வராது. மீன் கொண்டு வருகிறவர் அஞ்சலை. கடலூர்ப் பக்கம் கரையோர ஊர், அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். காலையில் ஐஸ் பெட்டிகளோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கழுத்தில் தொங்கும் கேட் பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போவார். கணவருக்குக் கால் சரியில்லாமல் கடலுக்குப் போவதில்லை என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அந்தப் பாஸ் இருந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

வழக்கமாகச் சங்கரா வரும், கானாங்கெளுத்தி வரும். அன்று சின்னப் படகுகளுக்குக் கிடைத்தது முரல் மட்டும். முரலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு முழத்துக்கு மேல் நீளம், கைப்பிடிக்குள் அடங்குகிற ஒல்லி. முதுகு பச்சை கலந்த நீலம், வயிறு வெள்ளி. முகத்தில் கொக்கு அலகு மாதிரி நீளமாக இரண்டு தாடை, இரண்டிலும் ஊசி ஊசியாகப் பல். கேன்டீன் மாஸ்டர் அந்தத் தலையை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத் துண்டுகளை மட்டும் குழம்பில் போட்டுவிட்டார். ஆகவே சாப்பிட்டவர்கள் யாரும் மீனின் முகத்தைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தோம்.

முதலில் பார்த்தது பெல்ட் செக்ஷன் கலியபெருமாள். என் எதிரே உட்கார்ந்து மூன்றாவது துண்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் தனபாலு, இன்னாய்யா இது, முள்ளு பச்சையா இருக்குது?"

மேஜையில் இருந்த எட்டுப் பேரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். எல்லா முள்ளும் பச்சை. பிறகு எட்டுப் பேரும் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்கள். நான் அந்த முள்ளை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தேன். கடல் மீன் என்றால் எனக்குத் தெரிந்தது நெத்திலிக் கருவாடும் பண்ருட்டிச் சந்தையில் விற்கிற ஐஸ் மீனும்தான். தெரியலை என்று சொல்லியிருக்கலாம். கோட்டைப் போட்டுக்கொண்டு அதை எப்படிச் சொல்வது?

"காப்பர்," என்றேன்.

"அப்டின்னா?"

"செம்பு. மயில்துத்தம் பாத்திருக்கீங்களா, பச்சையும் நீலமுமா? அதுல இருக்கிறது இதுதான். மீன் கெடாம இருக்க ஊத்தியிருப்பாங்க."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தேன், வந்தது.

கலியபெருமாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அடுத்த மேஜை எழுந்தது. அரை மணி நேரத்தில் முதலுதவி அறை வாசலில் வரிசை. எல்லோருக்கும் வயிற்றுவலி. நானும் மூன்று துண்டு தின்றிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எனக்கும் வலித்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே முறுக்கிப் பிடித்தது. நான் அவிழ்த்துவிட்ட கதையை நானே நம்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் பன்னிரண்டாவது ஆளாக நின்று, பேரேட்டில் பெயரும் எழுதிவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் வாங்கிக் குடித்தேன். பின்னால் அந்தப் பேரேட்டைப் பார்த்தபோது, வயிற்றுவலி என்று எழுதியவர்களில் மூன்று பேர் அன்று தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் என்று தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி ஒரு படி ஏறிவிட்டது. 'லேப்பு ஆள் சொன்னாராம்' என்று கிளம்பியது, 'லேப்பில் டெஸ்ட் பண்ணியாச்சாம்' என்று திரும்பி வந்தது. கேன்டீன் கமிட்டித் தலைவர் ராமலிங்கம் நல்ல மனுஷர்தான், ஆனால் எதையும் கடிதமாக எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எழுதிவிட்டார். 'ஆய்வக ஊழியர் ஒருவர் செம்புக் கலப்படத்தை உறுதி செய்துள்ள நிலையில், மீன் கொண்டு வரும் அஞ்சலையின் கேட் பாஸ் நிறுத்தி வைக்கப்படுகிறது. அடுத்த புதன்கிழமை கமிட்டி கூடும். கலப்படம் உறுதியானால் பாஸ் நிரந்தரமாக ரத்து செய்யப்பட்டு, போலீசில் புகார் கொடுக்கப்படும்.'

அந்தக் கடிதமும், ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய மிச்சக் குழம்பும், மறுநாள் காலை தெய்வானை மேடத்தின் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

மேடத்துக்கு மீன் வாசனை ஆகாது. கோழி மட்டும் சாப்பிடுவார். யாராவது கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் நாகரிகமாக எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். அன்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஆய்வக ஊழியர் ஒருவர்னு போட்டிருக்குதுங்க. நம்ம ஆய்வகத்துல யாருங்க அந்த ஒருவர்?"

ஆறு பேர் இருந்தோம். ஐந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் ஓவன் தெர்மாமீட்டரை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சரிங்க. அவங்களே வருவாங்க. அதுவரைக்கும் நாம வேலையைப் பாப்போம்."

"மேடம், நாம கரி பாக்குற லேப்பு" என்றேன். எப்படியாவது இது வேறு எங்காவது போய்விடாதா என்று இருந்தது எனக்கு.

"வெளி லேப்புக்கு அனுப்புனா ஒரு மாசம் ஆகுமாமுங்க. அந்தம்மா பொழப்பு புதன்கிழமையோட போயிருமுங்க. நமக்கு எரிக்கத் தெரியுமல்லங்க? எரிப்போம்."

அப்படித்தான் நெய்வேலியில் மீன் எரிந்தது. கரிக்கு என்ன விதியோ அதே விதி என்றார் மேடம். சோதனைக்குக் கரி வந்தால் முதலில் அதை இடித்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நான்காகப் பிரிப்போம். எதிரெதிர் இரண்டு பாகத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டு, மறுபடி குவித்து மறுபடி பிரிப்போம். மொத்தக் குவியலுக்கும் நியாயமான ஒரு கைப்பிடி கிடைக்க அதுதான் வழி. அன்று வாளியிலிருந்து வடிகட்டிய மீனை எஃகுத் தட்டில் கூம்பாகக் குவித்தேன். குழம்பு மீன் கூம்பாக நிற்காது. குவித்தால் சரிந்தது, தட்டினால் தெறித்தது. என் வெள்ளைக் கோட்டில் மஞ்சள் அடித்தது.

"எதிர்ப் பாகத்துல தக்காளி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்களே" என்றார் மேடம், வராந்தாவில் நின்றபடி. மறுபடி குவித்தேன்.

அடுத்து ஒரு சிக்கல் வந்தது. இந்த மீனில் வெளியே யாரும் எதுவும் ஊற்றவில்லை என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முரல் வேண்டும், அதை அஞ்சலை தரக் கூடாது. கடலூர்த் துறைமுகத்தில் நேரடியாக வாங்கி வர மேடம் என்னை அனுப்பினார். முழு மீன், தலையோடு. அப்போதுதான் நான் முரலின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். மஞ்சள் பைக்குள் அது அடங்கவில்லை. உடம்பை வளைத்து உள்ளே போட்டால் அலகு வெளியே வந்தது. பஸ்ஸில் நல்ல கூட்டம். வடலூர் தாண்டுவதற்குள் அது ஒரு அம்மாவின் முழங்கையையும் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரின் இடுப்பையும் குத்திவிட்டது. கண்டக்டர் வந்து பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மீனா ஆயுதமா? அதுக்கு ஒரு மூடி போடக்கூடாதா?"

டிக்கெட்டைச் சுருட்டி அலகு நுனியில் சொருகிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

இறங்கி நடந்தபோது, கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். பாஸ் போன நாளிலிருந்து தினமும் வந்து அங்கேயே இருந்துவிட்டுப் போகிறார் என்று செக்யூரிட்டி சொல்லியிருந்தார். என் கோட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"சார், நீங்க லேப்புங்களா?"

"ஆமாம்மா."

"மொரலு முள்ளு பொறப்புலயே பச்சைங்க சார். எங்க ஊர்ல பல்லு மொளைக்காத கொழந்தைக்கும் தெரியும். கமிட்டிகாரங்க கிட்ட சொன்னேன். நீ விக்கிறவ, அப்பிடித்தான் சொல்லுவேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க சார்."

"பாத்துக்கிட்டு இருக்கோம்மா. எரிச்சுப் பாக்கறோம்."

"எரிக்கிறீங்களா?" என்று ஒரு நிமிஷம் என்னை உற்றுப் பார்த்தார். "திங்கிற பொருளை எதுக்கு சார் எரிக்கிறீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "லேப்புல எவனோ ஒருத்தன் செம்புன்னு கெளப்பி வுட்டானாமே. அவன் யாருன்னு தெரியுமா சார்?" என்றார்.

"விசாரிச்சுகினு இருக்காங்க" என்றேன். பயத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"இந்த மொரலு லைட்டைக் கண்டா எகிறிப் பாயும் சார். எங்க வூட்டுக்காரரு தொடையில ஒண்ணு இந்தாண்ட குத்தி அந்தாண்ட வந்துடுச்சு. அதுலதான் அவரு குந்திட்டாரு. அந்த மூக்கை உப்புப் போட்டுக் காய வச்சு வூட்ல மாட்டியிருக்கேன். அந்த ஆளு மட்டும் என் கையில கெடைக்கட்டும்..." என்று நிறுத்திக்கொண்டு, என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அலகைப் பார்த்தார். "நல்ல மீனா வாங்கியிருக்கீங்க. கண்ணு தெளிவா இருக்குது."

அன்று எனக்கு வந்த வெட்கத்துக்கு அளவில்லை. புருஷனைக் குத்திய மீனை விற்றுத்தான் அந்தம்மா வீட்டை நடத்துகிறார். அதையும் நான் ஒரு சொல்லில் பிடுங்கிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் சாப்பாடு போடுவதை நிறுத்திவிட்டு, "போய்ச் சொல்லிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள். மூன்று நாள் வெளியில் இட்லி தின்றேன்.

ஆய்வகத்தில் கடலூர் முரலைச் சமைக்காமலே நறுக்கினோம். உள்ளே முள் பச்சை, குழம்பில் இருந்ததைவிடப் பளிச்சென்று. அஞ்சலை சொன்னது அப்படியே சரி. ஆனால் மேடம் அதோடு விடவில்லை. "துறைமுகத்துலயே ஊத்தியிருந்தாங்கன்னு நாளைக்கு ஒருத்தரு சொல்லுவாருங்க. எரிச்சுருவோம்" என்றார். இன்னொன்றும் கேட்டார். செம்பு இருந்தால் எப்படித் தெரியும் என்று காட்ட, செம்பு கலந்த எலும்பு ஒன்றும் வேண்டும். எலும்புக்கு எங்கே போவது? மேடம் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, அன்றைய கோழிக்காலை எடுத்துச் சதையை நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, எலும்பைக் கழுவி என்னிடம் கொடுத்தார். அதை மயில்துத்தக் கரைசலில் ஊற வைத்தோம்.

மூன்றையும் முதலில் ஓவனில் காய வைத்தோம். கட்டடம் முழுக்க மீன் வாசனை. மாடியிலிருந்து டிராயிங் செக்ஷன் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டும் சிலர் பிடிக்காமலும் இறங்கி வந்தார்கள். எங்கள் ஆய்வகத்தின் வரலாற்றிலேயே முதன்முதலாக ஒரு பூனை வந்து ஓவன் முன்னால் உட்கார்ந்தது. "அவங்களைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்க" என்றார் மேடம். பிறகு மூன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, கரிக்கு ஏற்றுகிற அதே சூட்டில் உலைக்குள் தள்ளினோம்.

எடுத்துப் பார்த்தபோது குழம்பு முரலும் கடலூர் முரலும் வெள்ளை வெளேர் என்று விபூதி போல இருந்தன. பச்சை எங்கே போனது என்றே தெரியவில்லை. கோழிக்கால் மட்டும் கறுத்துக் கிடந்தது. உலோகம் எரிந்து போகாது, சாம்பலில் தங்கிவிடும். மூன்றையும் அமிலத்தில் கரைத்து அம்மோனியா விட்டேன், செம்பு இருந்தால் நீலமாகும். கோழிக்கால் ஆழ்ந்த நீலமாக மாறியது. முரல் இரண்டிலும் துளி நீலம் இல்லை. நான் மறுபடி விட்டேன். மறுபடியும் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மோனியா என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேடம் ரிப்போர்ட் எழுதினார். படிவம் கரிக்கானது, ஆனாலும் ஒரு கட்டத்தையும் காலியாக விட அவருக்கு மனமில்லை. மீனின் ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள், மிஞ்சும் கரிமம் எல்லாம் எழுதினார். எரிதிறனும் பார்க்கச் சொன்னார். குறிப்பில், 'செம்பு இல்லை. முள் பச்சையாக இருக்கும் காரணம்: தெரியவில்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

புதன்கிழமை கமிட்டி அறையில் ராமலிங்கம் அந்த ரிப்போர்ட்டை முதலிலிருந்து கடைசிவரை சத்தமாகப் படித்தார். எரிதிறன் வந்ததும் நின்றார்.

"மேடம், இதைப் பாத்தா நம்ம கரியை விட மீனு நல்லா எரியும் போலிருக்குதே?"

"காஞ்ச மீனுங்க. கரி ஈரமாத்தானுங்க வரும்."

"அப்ப இத்தினி பெரிய சொரங்கம் எதுக்கு மேடம்?" என்றார் பின்னால் நின்ற கலியபெருமாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன். எல்லாம் முடிந்துவிட்டது, நான் தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ராமலிங்கம் ரிப்போர்ட்டை மடித்து வைத்தார்.

"ரிப்போர்ட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா உங்க லேப்பு ஆளு ஒருத்தரு செம்பு இருக்குதுன்னு உறுதி பண்ணாருன்னு நான் ஏற்கெனவே கடிதாசியில எழுதிட்டேன். இப்ப நீங்க இல்லைங்கறீங்க. ரெண்டும் ஒரே லேப்பு. நான் எதை நம்பி பாஸைக் குடுக்கிறது? அந்த ஆளு வந்து நான் சொன்னது தப்புன்னு சொல்லட்டும். இல்லாங்காட்டி பாஸு ரத்துதான்."

வாசலில் அஞ்சலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே நடப்பது பாதி புரிந்தும் புரியாமலும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்கு முதல் நாளே தெரியும். முதலுதவிப் பேரேட்டில் லேப்பிலிருந்து என் ஒருவன் பெயர்தானே இருந்தது.

எழுந்து நின்றேன்.

"நான்தாங்க."

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எதை வெச்சுங்க சொன்னீங்க?"

"ஒண்ணுத்தையும் வெச்சு சொல்லலைங்க மேடம். முள்ளு பச்சையா இருந்துச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க. தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. காப்பர்னுட்டேன்."

மேடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். 'காப்பர்னுட்டேன்' என்பதைக்கூட மாற்றவில்லை. படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ரிப்போர்ட்டோடு சேர்த்துக் குத்தினார்.

அஞ்சலை வாசலிலிருந்து ஒரு எட்டு உள்ளே வந்தார்.

"நீங்கதானா சார் அது?"

"நான்தாம்மா. மன்னிச்சுடுங்க."

"மஞ்சப் பைய தூக்கிகினு வந்து எங்கிட்டயே நல்லாப் பேசினீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். அந்த உப்புப் போட்ட அலகால் குத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ராமலிங்கம் பாஸை எடுத்து நீட்டப் போனார். கலியபெருமாள் விடவில்லை. "செம்பு இல்ல, சரி. தெரியலைன்னு வேற எழுதியிருக்குதே. வேற எதுனா இருந்தா? இனிமே இதை யாரு திங்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான். பாஸ் கிடைத்தும் மீனை யாரும் தொடாவிட்டால் அஞ்சலைக்கு என்ன லாபம்?

மேடம் திரும்பினார். "ஏனுங்கம்மா, இன்னைக்கு மீனு கொண்டாந்தீங்களா?"

"பாஸு குடுத்துடுவாங்கன்னு நம்பி எடுத்துகினு வந்தேன். வெளிய பெட்டியில இருக்குதுங்க."

"ரெண்டு துண்டு வறுத்துக் கொண்டாங்க. ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது நானு, வாயில வந்ததைச் சொன்னவரு இவரு. நாங்க ரெண்டு பேரும் சாப்பிடோணுமுங்க."

கால் மணி நேரத்தில் தட்டு வந்தது. நான் தின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் மேடத்தைத்தான் பார்த்தார்கள். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். கண்ணை மூடினார். வாயில் போட்டு, அவசரப்படாமல் மென்று விழுங்கினார். பச்சை முள்ளை உருவித் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார். முகம் மட்டும் கொஞ்சம் வெளிறிப்போனது.

"கோழி மாதிரி இல்லீங்க" என்றார். "ஆனா கெட்டது ஒண்ணுமில்லீங்க." பிறகு ரிப்போர்ட்டை வாங்கி, குறிப்பில் இன்னொரு வரி சேர்த்தார்: 'சாப்பிட்டவர்கள்: இருவர்.' ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து, 'இருவரும் நலம்' என்று எழுதிவிட்டு எழுந்தார். அஞ்சலை பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். அன்று இரண்டாம் ஷிப்டில் முரல் குழம்பு. கலியபெருமாள் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்து தின்றுவிட்டுத்தான் போனார்.

எனக்கு மேடம் மெமோ கொடுக்கவில்லை. கேன்டீனுக்குப் போகும்போது வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான். அஞ்சலைதான் தண்டனை கொடுத்தார். அடுத்த புதன்கிழமை முதல், நான் ஓய்வு பெறும்வரை, கேட்டில் எங்கே பார்த்தாலும் சத்தமாக, "செம்பு சார், வணக்கம்!" பிறகு செக்யூரிட்டியும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

கவிதா போன் செய்த அன்று இன்னொன்றும் சொன்னாள். பச்சைக்குக் காரணம் பித்தத்தில் இருக்கிற ஒரு நிறமி என்று இணையத்தில் போட்டிருக்கிறதாம், தின்றால் ஒன்றும் ஆகாதாம். எனக்கு ஒரே குஷி. ஈரோட்டுக்கு மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், நம்ம ரிப்போர்ட்டுல தெரியவில்லைன்னு எழுதினோமே, காரணம் கிடைச்சிருச்சு!"

"எதை வெச்சுங்க சொல்றீங்க?"

"போன்ல போட்டிருக்குது மேடம்."

"விஷம்னு சொன்னதும் அதே போனுதானுங்களே?"

மேடமே தொடர்ந்தார். "அதெல்லாம் இருக்கட்டுங்க. சாப்பிட்டவர்கள் இருவர்னு எழுதினமுங்க. நான் இருக்கறேன். நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கேன் மேடம்."

"அப்புறமென்னங்க, அதைப் போன்ல போடுங்க."

மறுநாள் புதன்கிழமை. மார்க்கெட்டுக்குப் போனேன். அஞ்சலைக்கு இப்போது அங்கே சொந்தக் கடை. மற்ற மீன்கள் பாதி போயிருந்தன. முரல் மட்டும் வரிசையாக அலகை நீட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது.

"வாங்க செம்பு சார். காலையிலேர்ந்து இதைக் கேட்டு வந்த ஆளு நீங்க ஒருத்தருதான். போன்ல என்னமோ போட்டு வுட்டுட்டாங்களாம். இந்தத் தடவையும் நீங்கதானா?"

"இல்லம்மா, சத்தியமா நான் இல்ல."

இரண்டு முரல் வாங்கி வந்தேன். மனைவி வறுத்துக் கொடுத்தாள். தின்று முடித்து, தட்டில் பச்சை முள்ளை நேராக அடுக்கி, என் முகமும் தெரிகிற மாதிரி மருமகளைப் படம் எடுக்கச் சொன்னேன். குழுவில் போட்டு, அடியில் எழுதினேன்: 'இதை முதன்முதலில் விஷம் என்று கிளப்பிவிட்டவன் நான்தான். ஒன்றையும் வைத்துச் சொல்லவில்லை. அன்றும் தின்றேன், இன்றும் தின்றேன். இருக்கிறேன். தனபால், லேப் (ஓய்வு).'

அடுத்த புதன்கிழமை கொஞ்சம் தாமதமாகத்தான் மார்க்கெட்டுக்குப் போனேன். அஞ்சலை காலிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"மொரலு தீந்துபோச்சு செம்பு சார். போன்ல உங்க மூஞ்சியைக் காட்டிக் காட்டி வாங்கிகினு போயிட்டாங்க."